பின்னேரப் படகு வரும்வரை

நெடுந்தீவுக்கு ஒருநாளில் போய்வர நினைப்பவர் இரண்டு நேரங்களை விசாரித்து வைத்திருக்க வேண்டும். காலையில் குறிகட்டுவானிலிருந்து படகு எப்போது வெளிக்கிடும், பின்னேரம் மாவிலித்துறையிலிருந்து எப்போது திரும்பும். நேரங்கள் காலத்துக்குக் காலம் மாறும், காற்றைப் பொறுத்தும் மாறும். கணக்கு மட்டும் மாறாது. ஒருமுறை இறங்கிவிட்டால் பின்னேரப் படகு வரும்வரை நீங்கள் தீவில்தான். அலுத்துப்போனாலும் அங்கேதான், வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டாலும் அங்கேதான்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள்தான் அதிகம். எனக்கு இது ஒரு வாய்ப்பாகத் தெரிகிறது. ஒரு மனிதரைப் பார்க்கப் போவதென்றால் என்ன என்று யோசிக்க வைத்தது, இரண்டு படகுகளுக்கு நடுவே அடைபட்ட அந்தப் பகல்பொழுதுதான்.

என் சிநேகிதி நெடுந்தீவில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தோம். படிப்பு முடிந்ததும் அவள் ஊருக்குப் போய்ப் படிப்பிக்கத் தொடங்கினாள். நான் நகரத்திலேயே நின்றுவிட்டேன். நகரத்திலும் எனக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். கொக்குவிலில் இருக்கிற ஒருத்தி வீட்டுக்குச் சைக்கிளில் போனாலே பத்து நிமிடம்தான். ஆனால் ஒரு வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால், கொக்குவில்காரியோடு இருந்த நேரத்தைவிட நெடுந்தீவுக்காரியோடு இருந்த நேரம்தான் கூட. கொக்குவிலுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதனால் போவதில்லை. நெடுந்தீவுக்கு நாள் பார்த்து, லீவு போட்டு, விடியவே எழும்பிப் போக வேண்டும், அதனால் போகிறேன்.

பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தீவகம் தொடங்குகிறது. அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் பாலம், அதற்கப்பால் புங்குடுதீவு. பாதையின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், அதில் தடி ஊன்றிக் கட்டிய சிறகுவலைகள். புங்குடுதீவுக்கும் ஒருகாலத்தில் வள்ளத்தில்தான் போய்வந்தார்கள். பாலம் வேண்டும் என்று ஊரவர்கள் நெடுங்காலம் அலைந்தார்கள். அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர்தான் அந்தப் பாலத்துக்கு. இன்று அதில் பஸ் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் புங்குடுதீவுக்குள் போகப் போக, பூட்டிக்கிடக்கிற வீடுகளும் கூரை விழுந்த வீடுகளும்தான் கண்ணில் படும். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பாதை இருப்பது வேறு, அந்தப் பாதையில் ஆள் வருவது வேறு என்று அந்த வீடுகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

குறிகட்டுவானில் நிற்கிற சனத்தில் பெரும்பகுதி நயினாதீவுக்குப் போகிறவர்கள். நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் வருகிறவர்கள். அது கிட்டத்தட்டக் கால்மணி நேரக் கடல். நெடுந்தீவுப் படகுக்கு நிற்பவர்கள் ஒரு பக்கமாக, அவசரமில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு மணித்தியாலக் கடல் இருக்கிறது. படகில் முதலில் ஏறுவது சாமான்கள்: சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், வெங்காய மூட்டை, கோழிக்குஞ்சுப் பெட்டி, ஒருநாள் ஒரு தையல் மெஷின். ஒரு தீவில் என்ன இல்லை என்று தெரிய வேண்டுமானால் காலைப் படகில் என்ன ஏறுகிறது என்று பார்த்தால் போதும்.

தினமும் போய்வருகிற உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் ஏறினவுடன் நித்திரையாகிவிடுவார்கள். ஒருமுறை எனக்கு எதிர்வாங்கில் இருந்த ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டு வந்தார். அலை படகைத் தூக்கும்போது சிவப்புப் பேனையை உயர்த்திப் பிடிப்பார். படகு இறங்கி நிதானத்துக்கு வந்ததும் 'சரி' போடுவார். திரும்பவும் உயர்த்துவார். கடலைப் பார்க்கவேயில்லை. பிள்ளைகளின் கொப்பியில் ஒரு கோடுகூடக் கோணவுமில்லை.

வயதானவர்கள் இந்தக் கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 'குமுதினி'யில்தான் தொடங்குவார்கள். பல பத்தாண்டுகள் இங்கே ஓடிய படகு அது. வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமானது. அதாவது அரசாங்கக் கணக்கில் இந்தக் கடலும் ஒரு வீதிதான். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. மே மாதத்தில் ஊர் கூடி விளக்கேற்றும். அந்தப் படகைத் திருத்தித் திரும்பவும் ஓடவிட்டார்கள், அந்த ஊர்ச் சனம் திரும்பவும் அதில் ஏறியது. வேறு படகு இல்லை என்பது ஒரு காரணம். அக்கரையில் அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். ஆஸ்பத்திரியில் தாய், பள்ளிக்கூடத்தில் பிள்ளை, கலியாணம் முடித்துப் போன அக்கா. ஒருவரைப் பார்க்கப் போவது எல்லாக் காலத்திலும் லீவு போடுகிற விஷயமாக இருந்ததில்லை என்பதை இந்தக் கடலில் போகிறவர்கள் மறக்க முடியாது.

மாவிலித்துறையில் இறங்கினால் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல் என்று ஒரு சுற்று இருக்கிறது. பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நின்று படம் எடுக்கலாம். வெட்டைவெளியில் குதிரைகள் தம்பாட்டில் மேயும். ஐரோப்பியர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஒல்லாந்தர் தங்கள் ஊரான டெல்ஃப்ற்றின் பெயரை இந்தத் தீவுக்கு வைத்தார்கள், ஆங்கில வரைபடத்தில் இன்றும் அதுதான் பெயர். ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவு நிலம். 2012 குடிசன மதிப்பில் அங்கே இருந்தவர்கள் 4,000 பேருக்கும் குறைவு. வந்து போகிறவர்கள் மிருகத்தையும் மரத்தையும் கல்லையும் பார்த்துவிட்டுப் படகேறுவார்கள்.

சிநேகிதி இதை ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்ச வாற எல்லாரும் எதையோ பாக்கத்தான் வருகினம். ஆரையும் பாக்க ஒருத்தரும் வரேல்லையடி."

துறைக்கு அவள் வரமாட்டாள். வழி தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போக என்ன இருக்கிறது என்பாள். அவள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கல்வேலி. முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சில கற்களில் பூப்போன்ற வரிகள் தெரியும், உயிரோடு இருந்தபோது பவளப் பூச்சி கட்டிய அறைகள். அந்த வேலிக்கு மேலால் ஆடு ஒன்று எட்டிப் பார்த்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் மணித்தியாலம் செய்தி. ஆருக்குக் கலியாணம், ஆருக்கு விசா, ஆர் செத்தது, ஆர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனது. பாதிக்கு மேல் வட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்தவை. ஆனாலும் முகத்தோடு இன்னொருமுறை சொல்ல வேண்டும். போனில் சொல்லாமல் விட்ட சிரிப்பும் புறணியும் அப்போதுதான் வெளியே வரும். தேத்தண்ணி வரும், குடிப்போம். பிறகு ஒரு கட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு பேரும் முற்றத்தைப் பார்ப்போம்.

நகரத்தில் இந்த இடத்தில்தான் எழும்புவோம். "சரி, அப்ப நான் வரட்டே?" என்போம். வீட்டுக்காரர் "இருந்திட்டுப் போவன்" என்பார், குரலிலேயே விடை கொடுத்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. போய்ப் பார்த்தாயிற்று, கடமை முடிந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்புகிறோம். முடிந்தது செய்தி மட்டும். இனித்தான் பேச்சு வரவேண்டும். அது வருகிற நேரத்தில் நாம் பெரும்பாலும் கேற்றடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

தீவில் எழும்பிப் போக இடமில்லை. படகுக்கு இன்னும் எத்தனையோ நேரம் கிடக்கிறது. அதனால் அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்குவாள், என்னையும் ஒரு வேலைக்கு இழுப்பாள். நான் திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவேன். அவளின் தாயார் விறாந்தையில் இருந்து பனையோலைப் பெட்டி இழைப்பார். கண் மங்கிவிட்டது, விரல்தான் ஓலையைப் பார்க்கிறது. இடைக்கிடை "பிள்ளை, கடல் எப்பிடி?" என்று கேட்பார். வந்தவுடன் கேட்டார், சொன்னேன். சோறு போடும்போதும் கேட்பார், சொல்வேன். அது எனக்கும் அவருக்கும் இடையிலான ஒரு முறை, பதில் முக்கியமில்லை. மத்தியானம் மீன்குழம்பும் சோறும். பிறகு நிலத்தில் பாயைப் போட்டு நித்திரை.

ஒருவர் வீட்டில் பட்டப்பகலில் படுத்து நித்திரை கொள்ள முடிந்தால்தான் அந்த வீட்டில் உங்களுக்கு உரித்து இருக்கிறது என்பது என் எண்ணம். விருந்தாளி நித்திரை கொள்வதில்லை. அவர் கதிரையின் நுனியில் இருப்பார், அவரைக் கவனிக்க ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். கவனிக்கவேண்டிய தேவை இல்லாமல் ஒரே வீட்டில் இரண்டு பேர் சும்மா இருக்கிற நேரம் நட்பில் மிக அருமையான நேரம். அதற்கென்று ஒருவரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஒதுக்கவும் முடியாது. "சும்மா இருக்க வாறன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனால் என்ன நினைப்பார்கள்?

அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் ஒருநாள் அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணா காணியை வித்துப்போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகட்டாம்."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. போன் என்றால் சொல்லியிருப்பேன். போனில் மௌனம் வந்தால் 'ஹலோ, கேக்குதே?' என்று பதறுகிறோம். அதனால் எதையாவது சொல்லி இட்டு நிரப்புகிறோம், பெரும்பாலும் புத்திமதியால். முற்றத்தில் அந்தப் பதற்றம் இல்லை. ஆடு குழையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள்.

"அம்மாவுக்காகத்தான் இஞ்ச இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். அம்மா ஆசுபத்திரிக்குக் கிட்ட இருக்கிறது நல்லதெண்டு அண்ணா சொல்லேக்கதான் விளங்கினது, அம்மாவுக்காக எண்டா நான் எப்பவோ வெளிக்கிட்டிருக்கவேணும். எனக்காகத்தான் இருக்கிறன் போல கிடக்கு. அதைச் சொல்லத்தான் வெக்கமாக் கிடக்கு."

வருஷக்கணக்காக அவளோடு போனில் கதைக்கிறேன். இந்த வசனம் அதில் வந்ததில்லை. அவள் ஒளித்தாள் என்று சொல்ல மாட்டேன். செய்தி தீர்ந்து, பசி தீர்ந்து, நித்திரையும் தீர்ந்த பிறகுதான் சில வசனங்கள் வாய்க்கு வருகின்றன. அவளுக்கே அது அப்போதுதான் கேட்டது என்று நினைக்கிறேன்.

பின்னேரப் படகு செய்கிற இன்னொரு உதவியும் உண்டு. அது விடைபெறுவதை இலேசாக்கிவிடும். நகரத்தில் எப்போது எழும்புவது என்பது ஒரு சங்கடம். வேளைக்கு எழும்பினால் வீட்டுக்காரர் குறை நினைப்பார், பிந்தினால் கொட்டாவி விடுவார். தீவில் அந்தக் கேள்வியைக் கடல் எடுத்துக்கொள்கிறது. நேரம் வந்தால் எழும்பத்தான் வேண்டும், ஒருவர் மனமும் நோகாது. முடிவு எப்போது என்று தெரிந்திருப்பதால், அதற்கு முந்திய நேரம் முழுவதும் உண்மையாகவே கையில் இருக்கிறது.

இதை இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் கடலுக்கு நன்றி சொல்லும் நகரத்துக்காரியாகிவிடுவேன். சிநேகிதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருமுறை நான் இந்தப் படகுப் புராணத்தைத் தொடங்கியபோது அவள் வெட்டிவிட்டாள்.

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். நீ இஞ்ச வந்தா படகு உன்னைப் பிடிச்சு வைச்சிருக்குது. நான் அங்க வந்தா அதே படகு என்னைத் துரத்துது. உன்ர கேற்றடியில நிண்டு ரெண்டு கதை கதைச்சிட்டு ஓடுறன். ஒருநாளாவது உன்ர வீட்டில ஒரு வாய் சோறு திண்டிருக்கிறனே?"

அவள் தின்றதில்லை. யாழ்ப்பாணத்துக்கு அவள் வருவது ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, கல்விக் கந்தோருக்கு, தாயாருக்குக் கண்ணாடி மாற்ற, பம்பியின் உதிரிப்பாகம் வாங்க. வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருந்து, பிறகு குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். தீவில் இருப்பவருக்கு அக்கரை நாள் முழுவதும் அலுவல். சோழகம் கடுமையாக வீசுகிற நாட்களில் கடல் கொந்தளித்து, படகு விடாமலும் போகும். இரவில் ஒருவருக்குச் சுகயீனம் முற்றினால், அல்லது வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நோக் கண்டால், ஒரு மணித்தியாலக் கடல் எவ்வளவு நீளம் என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு பகலின் ஓய்வாக இருப்பது அவளுக்கு ஆயுள்காலப் பயணச் சிக்கல். இதை மறந்துவிட்டுத் தீவு வாழ்க்கையின் அமைதியைப் பற்றி எழுதுவது அழகான அநியாயம்.

அவள் சொன்னதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு கணக்கு. நாங்கள் வருகையைச் சமக்கணக்காக வைத்துக்கொள்வோம். 'நான் போனமுறை போனேன், இந்தமுறை அவை வரட்டும்' என்பது யாழ்ப்பாணத்தில் சாதாரணப் பேச்சு. வராதவர் மனமில்லாதவர் என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். ஆனால் நேரம் எல்லோர் கையிலும் ஒரே அளவில் இல்லை. படுத்த படுக்கையாய் ஒருவரை வைத்துப் பார்ப்பவர், கைக்குழந்தைக்காரி, இரண்டு வேலை செய்கிறவர், கடலுக்கு அப்பால் இருப்பவர் எல்லோருக்கும் ஏதோ ஒரு பின்னேரப் படகு இருக்கிறது. ஆருடைய பகல் இளகியிருக்கிறதோ அவர் போக வேண்டும். திரும்ப வருகிறார்களா என்று எண்ணக் கூடாது.

போகாமலே நட்பு இருக்கலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்து வைப்பார்கள். ஒருவரை ஒருவர் காணாமலே வளர்ந்த நட்பு, சங்கப் பாட்டுகளில் பதிந்தது. பார்க்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எனக்கு அந்தக் கதை வேறு மாதிரித் தெரிகிறது. சோழன் வடக்கிருந்தபோது பக்கத்தில் ஓர் இடம் விடச் சொன்னான். வரமாட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்தார். அவர் வராமல் விட்டிருந்தால் இத்தனை நூற்றாண்டு நாம் அந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்போமா? காணாமல் வளர்ந்தது என்பதைப் பெரிதாகச் சொல்கிறோம். கதை நிற்பது அவர் வந்ததில்.

எங்கள் ஊரில் இன்று ஆட்கள் மணிக்கணக்காக ஒரு வீட்டில் காரியமில்லாமல் இருப்பது செத்தவீட்டில் மட்டும்தான். கலியாணவீட்டில் சாப்பாட்டோடு எழும்புகிறோம். பிறந்தநாளில் படமெடுத்ததும் எழும்புகிறோம். செத்தவீட்டில்தான் வாடகைக் கதிரையில் இருந்து, பக்கத்தில் இருப்பவரோடு ஆறுதலாகக் கதைக்கிறோம். அங்கே பழைய கூட்டாளிகள் இருவர் சந்தித்து, "எத்தினை வருஷமாச்சு, ஒருநாள் வீட்டை வாவன்" என்று சொல்லிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த ஒருநாள் அடுத்த செத்தவீடுதான். நடுவில் கடிதத்தையும் போனையும் சமூக வலைத்தளத்தையும் வைத்துச் சமாளிக்கிறோம். அவை செய்தியை நன்றாகச் சுமக்கின்றன. சும்மா இருக்கிற நேரத்தைச் சுமக்க அவற்றால் முடியவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் ஊருக்குள் ஒருவரைப் பார்க்கப் போனாலும் மனத்துக்குள் ஒரு படகு நேரத்தை வைத்துக்கொண்டுதான் போகிறேன். இன்ன மணிவரை எழும்புவதில்லை. பேச்சு வற்றினாலும் எழும்புவதில்லை. வேலை இருந்தால் வீட்டுக்காரர் செய்யட்டும், வெங்காயம் உரிக்க நான் தயார். வந்த நேரம் சரியில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தால் மட்டும் முன்கூட்டி வெளிக்கிடலாம். கடல் இல்லாத இடத்தில் அந்த மரியாதையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொக்குவில் சிநேகிதி வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். தேத்தண்ணி முடிந்தது, செய்தி முடிந்தது, நான் எழும்பவில்லை. அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்னடி, ஏதும் காசு கீசு தேவையே?" என்று கேட்டாள். நான் இல்லையென்று சொன்னேன், அவள் நம்பவில்லை. வீட்டுக்காரரோடு ஏதும் பிரச்சினையோ, வருத்தம் கிருத்தமோ என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். காரணமில்லாமல் ஒருத்தி வந்து இருக்கிறாள் என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு முக்கால் மணித்தியாலம் தேவைப்பட்டது. அந்த முக்கால் மணித்தியாலத்தை நாங்கள் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அவள் சமையலறைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவள் தன் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.